விமானத்துப் பரணில் ஒரு பெட்டி

டெல்லியிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்தில் எனக்கு இடம் கிடைப்பதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. டிக்கெட் வாங்கினால் வரிசை எண், ஜன்னலோரமா நடுவா என்பதுவரை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என் பெட்டிக்குத்தான் அப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. தலைக்கு மேலே கதவு வைத்து ஒரு நீளப் பரண் கட்டியிருக்கிறார்களே, அதில் யார் முந்துகிறாரோ அவர் ராஜா. அறிவிப்பில் அதற்கு ‘ஓவர்ஹெட் பின்’ என்று பெயர் சொல்வார்கள். நான் பரண் என்றேதான் சொல்வேன். வீட்டுப் பரணையாவது போகிக்குப் போகி ஒழிக்கிறோம். இந்தப் பரண் நானும் என் மனைவியும் உள்ளே காலை வைப்பதற்கு முன்பே நிரம்பியிருக்கும்.

தப்பு எங்கள் பேரில்தான். விமானத்துக்குள் ஏற்றும்போது ஜோன் ஒன்று, ஜோன் இரண்டு என்று கூப்பிடுவார்கள். ஜோன் நாலு எழுதிய சீட்டோடு இருக்கும் டெல்லிக்காரர் ஜோன் ஒன்று வரிசையில் போனைப் பார்த்தபடி நிற்பார். பிடிபட்டால் ‘அச்சா, அச்சா’ என்று பெரிய மனதோடு ஓரமாக ஒதுங்குவார். ஒதுங்கிய இடத்திலிருந்தே உள்ளே போயும்விடுவார். நானோ மத்திய அரசு ஊழியன். ஜோன் நாலு என்றால் ஜோன் நாலு கூப்பிடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இந்த ஒழுக்கத்துக்காக அரசாங்கம் எனக்குப் பதக்கம் ஒன்றும் தரவில்லை. என் பெட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் சரக்கோடு சரக்காகக் கீழே போய், சென்னையில் ரப்பர் பட்டையின்மேல் முக்கால் மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வரும்.

மற்ற நாட்களில் அதைப் பற்றி மனைவியிடம் திட்டித் தீர்த்துக்கொள்வேன், அதோடு சரி. அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமை அப்படி விட முடியாது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் ஒரு சார் பதிவாளர் அலுவலகத்தில் என் மகள் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தாள்.

அவளோடு நான் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, சாதிதான். ஆபீசில் எனக்குச் சாதி பார்க்காதவன் என்று நல்ல பெயர். மதியச் சாப்பாட்டில் எல்லோருடைய டிபன் டப்பாவிலும் கை வைப்பேன், அந்தப் பெயருக்கு அதுதான் ஆதாரம். அவள் ஒரு பஞ்சாபிப் பையனையோ பெங்காலிப் பையனையோ கூட்டிவந்திருந்தால் தேசிய ஒருமைப்பாடு என்று சொல்லி எங்கள் அடுக்குமாடி சொசைட்டி முழுக்க லட்டு கொடுத்திருப்பேன். அவளோ வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள். போன இடத்தில் எங்கள் ஜில்லாக்காரனாகவே, எங்கள் சொந்த ஊரிலிருந்து இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இருக்கிற ஊர்ப் பையனைக் கண்டுபிடித்தாள். தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடுகிற தூரம். ‘இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே’ என்று போனில் கத்தினேன். டெல்லி துவாரகாவில் நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. வாசப்படி என்று ஒன்று கிடையவே கிடையாது, லிஃப்ட்தான். அவளும் அதைச் சுட்டிக்காட்டாமல் போனை வைத்துவிட்டாள்.

என் மனைவி இந்த ஐந்து மாதமும் பால்கனியில் துணி காயப்போடும் சாக்கில் அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுத் துணிகள் அதற்கு முன் அவ்வளவு வெயில் கண்டதே இல்லை. எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். புதன்கிழமை காலை தட்டில் தோசையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “வெள்ளிக்கெழம பன்னெண்டு மணிக்கு டோக்கன். நான் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க. இல்லன்னா ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு.”

தோசையை முழுவதும் சாப்பிட்டேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து இரண்டு டிக்கெட் போட்டேன். கோபம் போய்விட்டது என்று இல்லை. அவள் கையெழுத்துப் போடும் நேரத்தில் நான் அங்கே இல்லாவிட்டால், அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் இல்லாதவனாகிவிடுவேன் என்பது அந்தத் தோசை தொண்டையில் இறங்கும்போது தெளிவாகத் தெரிந்தது. பயந்துபோனேன்.

மறுநாள் என் மனைவி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வெற்றிலை, பாக்கு, விரலி மஞ்சள், நாலு முழம் மல்லிகை எல்லாம் வாங்கிவந்தாள். சென்னைக்கு டெல்லியிலிருந்து வெற்றிலையும் மல்லிகையும் கொண்டுபோன குடும்பம் எங்களைத் தவிர வேறு இருக்காது. அந்த மல்லிகை முந்தாநாள்தான் தெற்கிலிருந்து விமானம் ஏறி வந்தது, அதை மறுபடி விமானம் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோமா என்று கேட்டேன். “எறங்கினதும் கடைகடையா ஏறி எறங்க நேரம் இருக்கா?” என்றாள். அது சரிதான். எப்போதோ வாங்கி வைத்திருந்த அரக்குப் பட்டுப்புடவை, எனக்கு ஒரு பட்டு வேட்டி, கண்ணாடி வளையல், இந்தப் பூவும் வெற்றிலையும், எல்லாம் ஒரே கைப்பெட்டிக்குள். வீட்டுத் தராசில், கைப்பெட்டிக்கு அனுமதித்த ஏழு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோய்க் கையோடு இறங்கி ஓட வேண்டும் என்பது திட்டம்.

திட்டத்தில் பனியைச் சேர்க்க மறந்துவிட்டேன். டெல்லி டிசம்பரில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் மறக்கக்கூடிய விஷயமா அது? ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் எட்டே கால் என்றார்கள். அப்படியானால் சென்னையில் பதினொன்று ஐந்து. விமான நிலையத்திலிருந்து அந்த அலுவலகம் அரை மணி. பெட்டி கையில் இருந்தால் பதினொன்றே முக்காலுக்குள் போய்விடலாம். பெட்டி சரக்கோடு போய் ரப்பர் பட்டையில் வந்தால் பன்னிரண்டரை. மனைவியிடம் கணக்கைச் சொன்னேன். அவள் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு எட்டாவது வரிசை. நான் உள்ளே போகும்போது எட்டாவது வரிசைக்கு மேலிருந்த பரண், ஏழு, ஒன்பது, பத்து எல்லாம் நிறைந்து வழிந்தது. டெல்லிக் குளிருக்குப் போர்த்துகிற ரஜாய் ஒன்று இருந்தது. சென்னைக்கு, டிசம்பரானாலும் மின்விசிறி ஓடுகிற ஊருக்கு, பஞ்சு மெத்தை மாதிரி ஒரு ரஜாய். கயிறு கட்டிய கஜக் மிட்டாய் அட்டைப்பெட்டிகள் மூன்று இருந்தன. ஒரு ஹெல்மெட்டும் இருந்தது. அதன் சொந்தக்காரர் பைக்கை எங்கே வைத்திருந்தார் என்று கேட்க ஆசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு பெட்டி படுக்கிற அகலத்தில், ஒட்டக நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு கைகால் நீட்டி மல்லாந்து படுத்திருந்தது. நான் அதன் ஒரு கையை மட்டும் மெதுவாக மடக்கினேன்.

“பாய் சாப், கோட் மத் தபாயியே,” என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கோட்டை அமுக்காதீர்களாம். ஒன்பதாவது வரிசையில் நடைபாதையோரம் பெரிய வெள்ளை மீசையோடு உட்கார்ந்திருந்த அறுபது வயதுக்காரர். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பணிப்பெண் வந்தாள். மேலே பார்த்தாள், என் பெட்டியைப் பார்த்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். பெட்டியைக் கீழே அனுப்பிவிடுகிறோம் சார், இலவசம் சார் என்றாள். தமிழன் என்ற முறையில் முதலில் ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். அவள் என்னைவிட நல்ல ஆங்கிலத்தில், வாக்கியத்துக்கு இரண்டு ‘சார்’ வைத்து, முடியாது என்றாள். எனக்குப் பின்னால் நடைபாதையில் இருபது பேர் நின்று உச்சுக்கொட்டினார்கள். அதற்குள் மஞ்சள் சட்டை போட்ட தரை ஊழியர் ஒருவர் வந்து, பெட்டியின் காதில் ஒரு சீட்டைக் கட்டி, என் மனைவியின் விரலைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, வாசலைப் பார்த்து உருட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டரை என்று என் மண்டைக்குள் அடித்தது. வாய் தானாக ஹிந்திக்குத் தாவியது.

“மேரா பெட்டி! மேரா பெட்டி கோ நீச்சே மத் லே ஜாவோ! மேரா பெட்டி கே பினா ஹம் நஹீ ஜாயேகா!”

என் பெட்டியைக் கீழே கொண்டுபோகாதே, என் பெட்டி இல்லாமல் நாங்கள் போகமாட்டோம் என்று சொன்னதாக என் எண்ணம்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நான் ஹிந்தி தெரியாதவன் இல்லை. ஆபீசில் வைக்கிற பரீட்சைகளை வரிசையாக எழுதி, சர்ட்டிபிகேட்டோடு பாஸ் செய்தவன். ஹிந்தியில் பெட்டிக்கு ‘பேட்டி’ என்றே ஒரு சொல் உண்டு என்று அந்த வகுப்பில்தான் படித்தேன். நம் சொல்லே அங்கேயும் இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். அதில் வருவது ‘பல்’லில் வருகிற ப. ‘பலூன்’ ப போட்டால் மகள். தமிழில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான். டெல்லிக்கு வந்த புதிதில் எந்த இடத்தில் எந்த ப என்று தெரியாமல் அண்ணே என்று கூப்பிடுகிற ‘பையா’வை ‘பல்’ ப போட்டுக் கூப்பிட, கடைத்தெருவே சிரித்தது. அந்த ரோஷத்தில் அன்றிலிருந்து எல்லாவற்றையும் பலூனாக ஊதிவிடுவது என்று முடிவு செய்தவன் நான். ஆக, விமானம் முழுக்கக் கேட்டது மகள்தான்.

‘மேரா’ என்று ஆண்பாலில் சொன்னதையாவது கவனித்து யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். மகளானால் ‘மேரி’ வரவேண்டும். ஆனால் மதராசி வாயில் ஆண்பால் பெண்பால் ஒழுங்காக வராது என்பதை டெல்லி எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. மீசையையும் தாடியையும் பெண்பாலாக வைத்திருக்கிற மொழியில் எங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? எல்லோரும் மனதுக்குள் திருத்திக்கொண்டு, ஒரு மதராசியின் மகளை விமானத்திலிருந்து இறக்குகிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள்.

அடுத்த நிமிஷம் பார்க்க வேண்டுமே. பெட்டிக்கு ஒரு சாண் நகராத ஜனம், மகள் என்றதும் மொத்தமாக எழுந்து நின்றது. பதினோராவது வரிசையிலிருந்து ஒரு பருத்த அம்மாள், “அரே, லட்கி கோ உதார் தியா?” என்று அலறினார். பெண்ணை இறக்கிவிட்டார்களா என்று அது இருபது வரிசைக்குப் பரவியது. யாரோ போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். மஞ்சள் சட்டைக்காரரை மூன்று பேர் வாசலில் மறித்து, குழந்தை எங்கே என்று கேட்டார்கள். அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது. பணிப்பெண்ணின் சிரிப்பு முதல் முறையாக நின்றது.

வெள்ளை மீசைக்காரர் எழுந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். “ஆப்கி பேட்டி கஹாங் ஹை?” என்றார். உங்கள் மகள் எங்கே?

அது இல்லை சார், நான் சொன்னது சூட்கேஸ் என்று விளக்கியிருக்கலாம். வாயும் அதற்காகத்தான் திறந்தது. ஆனால் ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேருக்கு நேர் கேட்டதில்லை. சொசைட்டியில் கேட்பார்களோ என்று பார்க்கில் நடக்கப் போவதையே நிறுத்தியிருந்தேன். இந்த மனிதர் கேட்டுவிட்டுக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சென்னை மே ஹை,” என்றேன். “ஆஜ் உஸ்கா ஷாதி ஹை. பாரா பஜே.”

சென்னையில் இருக்கிறாள், இன்று அவள் கல்யாணம், பன்னிரண்டு மணிக்கு. சொல்லி முடித்தபோது என் மனைவி வாயில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்லியில் ஷாதி என்ற சொல்லுக்குத் திறக்காத கதவு கிடையாது. நடுரோட்டில் பந்தல் போடலாம், குதிரையை மேம்பாலத்தில் ஏற்றலாம். “பேட்டி கி ஷாதி!” என்று பருத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டிக்குள் கல்யாணப் புடவை இருக்கிறது, அது கீழே போனால் நேரத்துக்குப் போக முடியாது என்று நான் சொல்லச் சொல்ல, அது பின்வரிசைவரை மொழிபெயர்க்கப்பட்டுப் போனது. போகிற வழியில் முகூர்த்தம், ஊர்வலம், ஆயிரம் விருந்தாளிகள் எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன. வெள்ளை மீசைக்காரர் என்னை மார்போடு அணைத்துக்கொண்டார். தனக்கும் இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்த அன்று குழந்தைபோல அழுததாகச் சொல்லிக் கண் கலங்கினார். அப்போதும் மேலே கோட்டு மல்லாந்துதான் படுத்திருந்தது. அதை மடக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அந்த அணைப்பில் இருந்துகொண்டு அதைக் கேட்க நா எழவில்லை.

கடைசியில் இருபத்துநாலாவது வரிசையிலிருந்து, “இதர் ஜகா ஹை!” என்று ஒருவர் குரல் கொடுத்தார். இங்கே இடம் இருக்கிறதாம். தன் பையை எடுத்துக் காலடியில் போட்டுக்கொண்டு இடம் செய்திருந்தார். பணிப்பெண் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தாள். நாங்கள் எட்டில், பெட்டி இருபத்துநாலில்.

உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும் என் மனைவி முன்னால் பார்த்தபடியே, “சூட்கேஸ்னு சொல்லியிருந்தா அவங்களுக்கே புரிஞ்சிருக்கும்,” என்றாள். சிறிது நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானம் மேலே ஏறும்போதுதான் வழக்கமாகப் பிடிப்பாள். அன்று தரையில் நிற்கும்போதே பிடித்தாள்.

மேலே ஏறியதும் பருத்த அம்மாள் கஜக் பொட்டலத்தோடு வந்து நடைபாதையில் நின்றுகொண்டார். பையன் என்ன வேலை, சொந்த வீடா, மாமியார் இருக்கிறாளா என்று வரிசையாக விசாரித்தார். நான் பாதிக்குப் பதில் தெரியாமல் மனைவியைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். ஐந்து மாதப் பால்கனி வகுப்பு ஆயிற்றே. கடைசியாக அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, “அப்னி பிராதரி கா ஹை?” என்றார். நம்ம ஆட்களா என்று கேட்கிறார். என் மனைவி வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். இதற்கு நீயே பதில் சொல் என்று அர்த்தம்.

“ஹாங்,” என்றேன். “அப்னா ஹீ ஹை.” நம்ம பையன்தான். சொன்ன பிறகு அது பொய்யா என்று யோசித்துப் பார்த்தேன். கஜக் நன்றாகத்தான் இருந்தது.

பதினொன்று பத்துக்குச் சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டது. பெல்ட் விளக்கு அணைவதற்கு முன்பே நூற்றெண்பது பேரும் எழுந்து நடைபாதையில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறக்கக் கால் மணி ஆகும் என்று தெரிந்தும் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பதில் என்ன சுகமோ. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டிலிருந்து இருபத்துநாலுக்கு நான் போக வேண்டுமானால் பதினாறு வரிசை ஜனத்துக்கு எதிராக நீந்த வேண்டும். எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தால் ரப்பர் பட்டையே தேவலை. கஷ்டப்பட்டுப் பரணில் பிடித்த இடத்தின் லட்சணம் இது. நான் இடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனேன். மூன்றாவது அடிக்கு ஒரு முதுகுப்பை மூக்கில் இடித்தது.

“விட்டுட்டு வாங்க,” என்றாள் என் மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது. “பொடவ கெடக்கட்டும். கதவத் தெறந்ததும் எறங்கிரலாம். எனக்கு அவ மூஞ்சியப் பாக்கணும்.”

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அந்தப் புடவையை வாங்கி, நாப்தலின் உருண்டை மாற்றி மாற்றி வைத்தவள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெள்ளை மீசைக்காரர் பின்னால் திரும்பி, பட்டாளத்தில் இருந்தவரோ என்னவோ, அப்படி ஒரு குரலில் கத்தினார்: “பேட்டி கா சாமான் ஹை! பாஸ் கரோ!”

மகளின் சாமான், அனுப்புங்கள். இருபத்துநாலில் பரண் திறந்தது. பெட்டி மேலே எழும்பியது. இருபத்துமூன்றில் இரண்டு கை வாங்கியது, இருபத்திரண்டில் இரண்டு கை. ‘ஜல்தி, ஜல்தி’ என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு, தலைகளுக்கு மேலே ஏழு கிலோவை நகர்த்தினார்கள். பதினாலில் ஒரு சர்தார்ஜி அதைத் தன் தலைப்பாகைமேல் தாங்கி மூச்சு வாங்கிக்கொண்டார். பெட்டி என் கைக்கு வந்தபோது அதன்மேல் யாருடையதோ ஒரு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்ப நேரமில்லை. கதவு திறந்ததும் முன்னால் இருந்த ஏழு வரிசையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டது. இவர்கள்தான் மூன்று மணி நேரத்துக்கு முன் ஒரு கோட்டின் கையை மடக்க விடாத ஜனம். டெல்லியைத் திட்டித் திட்டியே முப்பது வருஷம் கழித்தவனுக்கு அன்று திட்ட வார்த்தை கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

டாக்சி பிடித்துப் போய் இறங்கும்போது மணி பன்னிரண்டாக ஏழு நிமிஷம். மாடியில் ஒரு நீள அறை, பெஞ்சில் நாலைந்து ஜோடிகள் மாலையோடு. என் மகள் சாதாரணப் பருத்திப் புடவையில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் பெட்டியோடு வந்த என்னைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. இளைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அரசாங்க அலுவலகத்தில் எதற்காகச் செருப்பைக் கழற்றினான் என்று தெரியவில்லை. பயமாக இருக்கும்.

“வந்துட்டீங்களா,” என்றாள் மகள்.

“ஃபாக்,” என்றேன். “ஒன்றரை மணி நேரம் லேட்.” ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை பனிமூட்டத்தைப் பற்றி.

அதற்குள் மேஜைக்குப் பின்னால் இருந்த அலுவலர் அம்மா இவர்களுடைய டோக்கனைக் கூப்பிட்டார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். சாட்சிக் கையெழுத்து என்று ஒன்று உண்டு, அதைப் போடத்தான் பறந்து வந்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அவர் நிமிர்ந்து, “நீங்க யாரு சார்?” என்றார்.

“பொண்ணோட அப்பா.”

“சாட்சி மூணு பேரும் வந்து ஐ.டி. குடுத்தாச்சு. மூணு எடந்தான் சார். நீங்க சித்த அப்படித் தள்ளி நில்லுங்க.”

மூன்று இடத்திலும் அவளுடைய ஆபீஸ் சிநேகிதர்கள் பெயர் இருந்தது. அவர்கள் மூவரும் குற்றவாளிகள்போல் என்னைப் பார்த்தார்கள். “நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன் அப்பா,” என்றாள் மகள், மெதுவாக. அவள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. நினைக்க வைத்தவன் நான். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். நெஞ்சு வலித்தது. டாக்டரிடம் சொல்கிற வலி இல்லை.

என் மனைவி பெட்டியைத் திறந்து, கட்ட நேரமில்லாத பட்டுப்புடவையை மகளின் தோளில் போர்த்தினாள். மல்லிகை கொஞ்சம் வாடியிருந்தது, வைத்துவிட்டாள். அலுவலர் அம்மா ஒரு அச்சுத்தாளை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தார். “கையெழுத்துக்கு முன்னாடி பேரெல்லாம் ஒருவாட்டி சரி பாத்துருங்க. அப்புறம் திருத்தணும்னா அலைச்சல். சார், நீங்களே பாருங்க, அப்பாதானே?”

குனிந்து படித்தேன். எல்லாம் தமிழில் இருந்தது. மணமகள் பெயர். அதற்குக் கீழே, தந்தை பெயர். அங்கே என் பெயர் இருந்தது. நான் வருவேனா என்று தெரியாமலே போட்டிருக்கிறாள். அதில் ஒரு கால் விடுபட்டிருந்தது. நெடிலாக வரவேண்டிய எழுத்து குறிலாக நின்றது. படித்தால் வேறு யாரோ ஒரு ஆளின் பெயர்.

“ஆன்லைன் ஃபார்ம்ல தமிழ்ல போடணும்னு இருந்துச்சு,” என்றாள் மகள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத நான் எவ்வளவோ கத்தியும் கற்றுக்கொள்ளாதவள். “யாரையும் கேக்கல. ஒவ்வொரு லெட்டரா பாத்து நானே டைப் பண்ணேன். சரியாப்பா?”

முப்பத்திரண்டு வருஷம் ஒரு புள்ளி குறைந்தால்கூட ஃபைலைத் திருப்பி அனுப்பிய ஆள் நான். அலுவலர் அம்மா பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்கும்மா,” என்றேன்.